யார் தரும் காசு, எந்தத் திகதி வரை? – ஊடகச் செயற்றிட்ட வேலைகள்: வாசகர் கேள்வி பதில்

இலங்கையில் ஊடகப் பயிற்சி, ஊடக உரிமை, பிராந்தியச் செய்தியாளர் மேம்பாடு ஆகிய துறைகளில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள் பற்றி இம்மாதம் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: கொழும்பிலுள்ள ஓர் ஊடகப் பயிற்சி நிறுவனம் ஒரே விளம்பரத்தில் இரண்டு பதவிகளுக்கு ஆள் கேட்டிருக்கிறது. ஒன்று நிர்வாக, நிதி உத்தியோகத்தர். மற்றது ஊடக அபிவிருத்திச் செயற்றிட்ட உத்தியோகத்தர். நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, ஏ.ஏ.ரி. கணக்கியல் பரீட்சை முடித்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருடம் கணக்கு எழுதுகிறேன். எதற்கு விண்ணப்பிக்கலாம்? ஊடக அபிவிருத்தி என்றால் என்ன?
– வாசகி, வவுனியா

பதில்: முதலாவதற்கு. தயங்காமல் போடுங்கள்.

ஊடக அபிவிருத்தி என்பது பத்திரிகை நடத்துவது அல்ல. நடத்துபவர்களும் எழுதுபவர்களும் நன்றாக வேலை செய்வதற்கான ஏற்பாடுகளைச் செய்வது. செய்தியாளர்களுக்குப் பயிற்சி, சிறு ஊடகங்களுக்கு மானியம், சட்ட உதவி, செய்தியாளர் பாதுகாப்பு, சமூக வானொலி, தகவல் சரிபார்ப்பு எல்லாம் இதற்குள் வரும். காசு பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையாளரிடமிருந்து வருகிறது. அதனால்தான் கணக்கு எழுதுபவருக்கு இங்கே இவ்வளவு மதிப்பு. பயிற்சி சுமாராகப் போனால் அடுத்த முறை திருத்தலாம். வவுச்சர் (கொடுப்பனவுச் சீட்டு) பிழையானால் அந்தச் செலவையே நன்கொடையாளர் ஏற்க மாட்டார்.

நிர்வாக, நிதி உத்தியோகத்தரின் மேசைக்கு வருபவை: சில்லறைக் காசு, கொட்டேஷன் (விலை மதிப்பு) எடுத்தல், கொள்வனவுக் கட்டளை, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, சொத்துப் பதிவேடு, விடுமுறைப் பதிவு, ஊழியர் சேமலாப நிதி கட்டுதல், வருடக் கணக்காய்வுக்குக் கோப்புகளை ஆயத்தம் செய்தல். இதில் பாதிக்கு மேல் நீங்கள் சங்கத்தில் ஏற்கெனவே செய்கிற வேலை. ஆனால் தன்விவரக் கோவையில் 'கணக்கு வேலைகளைக் கவனித்தேன்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. மாதம் ஏறத்தாழ எத்தனை வவுச்சர், எத்தனை வங்கிக் கணக்கு, கணக்காய்வில் கடைசியாக வந்த ஆட்சேபங்கள் எத்தனை, அவற்றில் எத்தனையைத் தீர்த்தீர்கள் என்று இலக்கத்தோடு எழுதுங்கள். கணக்கு மென்பொருள் தெரிந்தால் அதன் பெயரையும், அதில் எது வரை செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். கையால் பேரேடு எழுதிய அனுபவத்தை மறைக்க வேண்டாம். அதைத் தெரிந்தவரால்தான் மென்பொருள் காட்டும் பிழையைப் பிடிக்க முடியும்.

கேள்வி: யாழ். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை முடித்தேன். செயற்றிட்ட உத்தியோகத்தர் வேலைக்கு எழுத்துப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறார்கள். 'தர்க்கச் சட்டகம்' எழுதச் சொல்வார்களாம். எப்படி எழுதுவது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தர்க்கச் சட்டகம் என்பது ஒரு செயற்றிட்டம் எதைச் செய்து எதை அடையும் என்று ஒரே அட்டவணையில் காட்டுவது. நான்கு படி என்று நினைத்துக்கொள்ளுங்கள்: செயற்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம். நாம் செய்வது செயற்பாடு. செய்ததும் உடனே கையில் வருவது வெளியீடு. அதனால் மற்றவர் நடத்தையில் வரும் மாற்றம் விளைவு. நெடுங்காலத்தில் சமூகத்தில் தெரிவது தாக்கம். பரீட்சை எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில்தான். '40 பேர் பயிற்சி பெற்றனர்' என்பதை விளைவு என்று எழுதிவிடுவார்கள். அது வெளியீடு.

பரீட்சையில் வரக்கூடிய ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். கிழக்கு மாகாணத்தில் 40 பிராந்தியச் செய்தியாளர்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பயிற்சி. செயற்றிட்டக் காலம் 12 மாதம்.

செயற்பாடு: 20 பேர் கொண்ட இரு குழுக்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு. வெளியீடு: 40 பேர் பயிற்சி முடித்தனர், ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு தகவல் விண்ணப்பம் கையளித்தனர். விளைவு: கிடைத்த தகவலை வைத்து அவர்கள் எழுதிய செய்திகள் வெளியாகின்றன, பயிற்சி முடிந்து ஆறு மாதத்தின் பின்னும் தாமாகவே விண்ணப்பிக்கிறார்கள். சான்று என்ற நிரலில் 'அறிக்கை' என்று பொதுவாக எழுதாதீர்கள். விண்ணப்பத்தின் பிரதி, தகவல் அலுவலர் கொடுத்த ஒப்புகைச் சீட்டு, வெளியான செய்தியின் வெட்டு என்று எழுதுங்கள். அந்த ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பி வரும் செய்தியாளர் பலர். பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டிய விடயம் அது.

அடுத்தது கால அட்டவணை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால் அதைக் கையில் கொடுக்க மேலும் 14 நாள், சில வேளை அதற்கு மேல் 21 நாள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மேன்முறையீடு வரை போகும் ஒரு விண்ணப்பத்துக்குப் பல மாதம் வேண்டும். 12 மாதச் செயற்றிட்டத்தில் ஒன்பதாம் மாதம் பயிற்சி வைத்தால், பதில் வரும்போது செயற்றிட்டம் மூடியிருக்கும், எண்ணிக் காட்ட ஒரு செய்தியும் இராது. இரண்டாம் மாதம் அல்லது மூன்றாம் மாதம் வையுங்கள். விடைத்தாளில் இந்தக் கணக்கைக் காட்டுபவர் தனியாகத் தெரிவார்.

எடுகோள், ஆபத்து என்ற நிரலையும் வெறுமையாக விடாதீர்கள். பிராந்தியச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, வெளியாகும் செய்திக்குத்தான் காசு. தகவல் தேடிப் பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை பஸ் ஏறி, பிறகு கொழும்பு ஆசிரியர் பீடம் அந்தச் செய்தியைப் போடாவிட்டால், அடுத்த தடவை அவர் போக மாட்டார். ஆகவே செய்தி ஆசிரியர்களோடு அரை நாள் கலந்துரையாடல் ஒன்று, சிறிய பயண நிதி ஒன்று, இரண்டையும் செயற்பாடுகளில் சேருங்கள்.

கேள்வி: செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கு பி.எம்.பி. (செயற்றிட்ட முகாமைத்துவ நிபுணர்) சான்றிதழ் கட்டாயமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: இல்லை. அந்தப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கே நான்கு வருடப் பட்டத்தோடு 36 மாதம் செயற்றிட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். பட்டம் இல்லாதவருக்கு 60 மாதம். புதியவருக்கு அது வீண் கவலை. அபிவிருத்தித் துறைக்கென்றே உள்ள 'புரொஜெக்ட் டிப்ரோ' அடிப்படைச் சான்றிதழ் மலிவு, அனுபவமும் கேட்பதில்லை. அதுவும் இருந்தால் நல்லது என்ற அளவில்தான். ஊடகப் பின்னணி இல்லாதவர்கள் கொழும்பிலுள்ள இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவைப் பார்க்கலாம், தமிழிலும் நடக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க உதவி நின்றதால் இந்தத் துறையில் பலருக்கு வேலை போனதாகச் சொல்கிறார்கள். தனியார் கம்பனியில் நிரந்தர வேலையில் இருக்கும் நான் இப்போது இதற்குள் வருவது புத்தியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நடந்தது உண்மை. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தும் அமெரிக்க ஜனாதிபதியின் ஆணை வந்தது. ஜூலை முதலாம் திகதியோடு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எயிட் தனி நிறுவனமாக இயங்குவது முடிந்தது. ஊடக அபிவிருத்திக்கு அது உலகெங்கும் பெரிய அடி. ஒரே நன்கொடையாளரில் தங்கியிருந்த சிறிய நிறுவனங்கள்தான் முதலில் விழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம், ஜேர்மனி, நோர்டிக் நாடுகள், யுனெஸ்கோவின் தொடர்பாடல் அபிவிருத்திக்கான சர்வதேச நிகழ்ச்சித் திட்டம் போன்றவை இன்னும் உதவி தருகின்றன. ஆனால் அந்த இடைவெளியை அவற்றால் நிரப்ப முடியவில்லை.

ஆகவே வரலாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை. நேர்முகத்தில் 'எங்களிடம் கேட்க ஏதும் உண்டா?' என்று கேட்பார்களே, அப்போது இந்த நான்கையும் கேளுங்கள். இந்தப் பதவியின் சம்பளம் எந்த நன்கொடையாளரின் எந்த மானியத்திலிருந்து வருகிறது? அந்த மானியம் எந்தத் திகதியில் முடிகிறது? முழுச் சம்பளமும் ஒரே மானியமா, அல்லது இரண்டு மூன்றுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறதா? நன்கொடையாளர் இடையில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவித்தல்?

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். துறை தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்கள். பதில் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு விடயம் தெரிந்துவிடும். பங்கிட்ட சம்பளம் கொஞ்சம் பாதுகாப்பானது. ஆனால் மாதாமாதம் எந்த மானியத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று நேரத்தாள் எழுத வேண்டும். அதைக் கடைசி நாளில் மொத்தமாக எழுதிக் கையொப்பம் வைப்பவர்கள், விடுமுறையில் நின்ற நாளுக்கும் எட்டு மணி நேரம் போட்டுக் கணக்காய்வாளரிடம் மாட்டுவார்கள்.

எங்கள் அபிப்பிராயம்: மானியத்தில் 18 மாதமாவது மிச்சம் இருந்தால், வீட்டுச் செலவுக்கு ஆறு மாதக் கையிருப்பும் உங்களிடம் இருந்தால், வரலாம். இரண்டும் இல்லையென்றால் நிரந்தர வேலையை இப்போது விட வேண்டாம்.

கேள்வி: நிர்வாக உதவியாளர் பரீட்சையில் வந்த கேள்வி இது: சில்லறைக் காசு நிதி 25,000 ரூபாய். பெட்டியில் எண்ணினால் 6,110. வவுச்சர்களின் கூட்டு 18,640. என்ன செய்வீர்கள்? 'குறையும் காசை என் கையிலிருந்து போடுவேன்' என்று எழுதினேன். தெரிவாகவில்லை.
– வாசகர், மன்னார்

பதில்: நேர்மையான மனதோடு எழுதிய பதில்தான். ஆனால் அது பிழை. கையிலிருந்து போட்டால் குறை மறைகிறது, காரணம் அப்படியே இருக்கிறது. குறையும்போது போடுபவர் கூடும்போது எடுப்பார் என்றுதான் கணக்காய்வாளர் பார்ப்பார்.

இரண்டும் சேர்ந்து 24,750. குறைவு 250. முதலில் பார்க்க வேண்டியது முற்பணச் சிட்டை. யாருக்காவது காசு கொடுத்து, பற்றுச்சீட்டு இன்னும் வராமல் இருக்கிறதா? காசு, வவுச்சர், தீராத முற்பணம் மூன்றும் சேர்ந்துதான் நிதியின் தொகை. பிறகு கூட்டலைத் திரும்பக் கூட்டுங்கள். வித்தியாசம் 9ஆல் பிரிபட்டால், ஓர் இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். உதாரணமாக 580ஐ 850 என்று எழுதினால் வித்தியாசம் 270, அது 9ஆல் பிரிபடும். 250 பிரிபடாது, ஆகவே அது காரணமல்ல. அடுத்து வெறும் 250 ரூபாய்க் கொடுப்பனவு ஏதும் எழுதாமல் விடப்பட்டதா என்று தேடுங்கள். தபால், போட்டோப் பிரதி, தண்ணீர்ப் போத்தல் இப்படி ஏதாவது இருக்கும்.

கிடைக்காவிட்டால் காசு எண்ணிய தாளில் நோட்டு வாரியாகத் தொகையை எழுதி, குறைவு 250 என்று குறித்து, நீங்களும் எண்ணும்போது கூட நின்றவரும் கையொப்பமிட்டு அன்றே மேலாளருக்குக் கொடுங்கள். நிதியை மீள நிரப்பக் கேட்கும் காசோலை 18,640க்கு மட்டுமே. 18,890க்கு அல்ல.

கேள்வி: செயற்றிட்ட உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம். அடுத்த மாதம் கிளிநொச்சியில் 25 செய்தியாளர்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு. முழு ஏற்பாடும் என் தலையில். எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
– வாசகி, பரந்தன்

பதில்: திகதியில் தொடங்குங்கள். போயா தினத்தில் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் முஸ்லிம் செய்தியாளர்கள் நடுப்பகலில் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும், மதிய இடைவேளையை நீட்டுங்கள். மே 18, நவம்பர் 27 ஆகிய நினைவேந்தல் நாட்களை ஒட்டி வடக்கின் செய்தியாளர்கள் எல்லோரும் களத்தில் நிற்பார்கள், யாரும் வர மாட்டார்கள். அன்றாடச் செய்தியைப் பின்னேரத்துக்குள் அனுப்பியாக வேண்டியவர்கள் என்பதால் 3.30க்கு முடித்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் கதிரைகள்தான் இருக்கும்.

மண்டபத்துக்கு மூன்று கொட்டேஷன் எடுங்கள். மூன்றிலும் ஒரே விடயத்தைக் கேட்டிருக்க வேண்டும்: ஆட்களின் எண்ணிக்கை, நாட்கள், உணவு, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர். ஒருவரிடம் உணவோடும் மற்றவரிடம் உணவில்லாமலும் விலை கேட்டால் ஒப்பிட முடியாது. கூடிய விலைக்கு எடுக்க வேண்டி வந்தால் காரணத்தை ஒரு பக்கக் குறிப்பாக அன்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால் அது சோடித்த காரணமாகவே தெரியும்.

விலையில் ஒளிந்திருப்பது வரி. ஒருவருக்கு மதிய உணவு 1,800 ரூபாய் என்று சொல்வார்கள். 25 செய்தியாளர், 2 பயிற்றுநர், நீங்கள் 3 பேர், சாரதி, ஆக 31 பேர். 31 × 1,800 = 55,800. அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் ஏறினால் 61,380. அதற்கு 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) போட்டால் 72,428. வேறு வரி இருந்தால் இன்னும் ஏறும். முதலில் சொன்ன விலையைவிட ஏறத்தாழ 30 வீதம் கூட! 'வரி, சேவைக் கட்டணம் எல்லாம் உள்ளடங்கலாக' என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வற் பதிவில்லாத நிறுவனம் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே வரவுசெலவுத் திட்டத்திலும் வரியோடு சேர்ந்த தொகையே இருக்க வேண்டும்.

இனிக் கடதாசி. கணக்காய்வாளர் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: வரவுத்தாள் (வந்தவர்கள் கையொப்பமிடும் தாள்), உணவு பில், போக்குவரத்துப் படிக்குக் கையொப்பம் வைத்த தாள். மூன்றும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும். வரவுத்தாளில் 22 கையொப்பம், பில்லில் 35 சாப்பாடு, போக்குவரத்துத் தாளில் 25 பேர் என்றால் கேள்வி வரும். மண்டபக்காரர் குறைந்தது 35 பேருக்குக் காசு கேட்பது வழக்கம் என்றால், அதை உடன்பாட்டிலேயே எழுத வையுங்கள். வரவுத்தாள் ஒவ்வொரு நாளுக்கும் தனியாக வேண்டும். முதல் நாளே இரண்டு நாளுக்கும் கையொப்பம் வாங்கும் பழக்கம் இருக்கிறது, அதை நீங்கள் தொடர வேண்டாம். இரண்டாம் நாள் வராதவரின் கையொப்பம் உங்கள் கோப்பில் கிடக்கும்.

பஸ்ஸில் வந்தவருக்கு டிக்கெட், மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு நிறுவனக் கொள்கையில் உள்ள கிலோமீற்றர் வீதம். முல்லைத்தீவு, துணுக்காய்ப் பக்கம் தேநீர்க் கடையில் அச்சடித்த பில் கிடைக்காது. அதற்கென்று நிறுவனத்தின் சொந்தப் பற்றுச்சீட்டுப் படிவம் கொண்டு போங்கள். கடைக்காரரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், எதற்காக, எவ்வளவு, திகதி, கையொப்பம். பிழையாக எழுதினால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் சிறு ஒப்பம் இடுங்கள். எரிபொருள் நிலையம், சுப்பர் மார்க்கெட் பில்கள் வெப்பத்தாளில் அச்சாகின்றன. சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். அன்றே போட்டோப் பிரதி எடுத்து இரண்டையும் சேர்த்து ஒட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய மானியம் என்றால் இறுதிக் கொடுப்பனவுக்குப் பிறகு பொதுவாக 5 வருடம் அந்தக் கோப்பு இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஆட்களின் பாதுகாப்பு. வரவுத்தாளில் பெயரும் கைப்பேசி இலக்கமும் ஊரும் இருக்கும். அந்தத் தாளைப் படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள், மண்டபத்து மேசையில் விட்டு வராதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வடக்கில் செய்தியாளர் ஒருவர் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பதே அவருக்குச் சிக்கலாக முடியலாம். குழுப் படம் எடுப்பதற்கு முன் 'வர விரும்பாதவர் ஒதுங்கி நிற்கலாம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெயரைக் கொடுக்கத் தயங்குபவர்கள் இருப்பார்கள் என்று முன்பே தெரிந்தால், பெயருக்குப் பதில் குறியீட்டு இலக்கம் வைக்க நன்கொடையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறகு கேட்டால் செலவே நிராகரிக்கப்படும்.

கேள்வி: எதிர்பார்க்கும் சம்பளம் என்ன என்று கேட்டார்கள். 120,000 என்றேன். 'சரி, ஆலோசகர் ஒப்பந்தமாகப் போடுவோம், முழுக் காசும் கையில் வரும்' என்கிறார்கள். நல்லதா?
– வாசகி, நுகேகொட

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊழியராக 120,000 என்றால் உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 9,600, சேமலாப நிதிக்குப் போகும். கைக்கு 110,400. மாதச் சம்பளம் 150,000க்குள் என்பதால் இப்போதைய விதிப்படி வருமான வரிக் கழிவு இல்லை. நிறுவனம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதம், 14,400, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 3,600 கட்டும். ஆக உங்களுக்காக மாதம் நிறுவனம் செலவழிப்பது 138,000. ஆலோசகர் என்றால் 120,000 மட்டுமே. கையில் 9,600 கூடத் தெரிகிறது. ஆனால் மாதம் 27,600 உங்கள் பெயரில் சேராமல் போகிறது. அதற்கு மேல் சேவைக் கட்டணம் மாதம் 100,000ஐத் தாண்டுவதால் 5 வீதம், 6,000, வரியாகப் பிடித்து வைக்கவும் இடமுண்டு. அப்படிப் பிடித்தால் கைக்கு 114,000 தான்.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் வருட விடுமுறை 14 நாளும், அமைய விடுமுறை 7 நாளும் ஆலோசகருக்கு இல்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற பணிக்கொடையும் இல்லை.

காலை 8.30க்கு வந்து, அவர்களின் மேசையில் இருந்து, அவர்களின் மேலாளர் சொல்வதைச் செய்து, விடுமுறைக்கு அனுமதி கேட்பவர் ஊழியர்தான், தாளில் எந்தப் பெயர் இருந்தாலும். இதை மரியாதையாகச் சொல்லி, ஊழியர் ஒப்பந்தம் கேளுங்கள். 'வரவுசெலவுத் திட்டத்தில் இடமில்லை' என்றால் 138,000ஐக் கட்டணமாகக் கேளுங்கள். வேலையில் சேர்ந்தால் 'பி' காட் (சேமலாப நிதி உறுப்பினர் அட்டை) வாங்கி வைத்து, சேமலாப நிதிக்குக் காசு போகிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கான காசு அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும்.

கேள்வி: செயற்றிட்ட முகாமையாளராக இடையில் பொறுப்பேற்றேன். ஐரோப்பிய ஒன்றியக் காசு, 12 மாதம், 48,000 யூரோ. ஏழு மாதம் போய்விட்டது. செலவு 16,800. என்ன செய்ய?
– வாசகர், கொழும்பு 6

பதில்: காலம் 58 வீதம் போய்விட்டது, காசு 35 வீதம்தான் போயிருக்கிறது. முதலில் அது உண்மைதானா என்று பாருங்கள். நடந்த செயலமர்வுகளின் பில் கணக்குக்கு வராமல் யாருடைய பையிலாவது கிடக்கலாம், கொடுத்த முற்பணம் தீராமல் இருக்கலாம். அடுத்தது நாணய மாற்று. வரவுசெலவுத் திட்டம் யூரோவில், செலவு ரூபாயில். ரூபாய் விழுந்தால் அதே வேலை குறைந்த யூரோவில் முடியும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் ஏப்ரலுக்குள் 300ஐத் தாண்டியபோது செயற்றிட்டங்கள் பலவற்றில் இப்படித்தான் திடீரென்று காசு மிஞ்சியது. ஆனால் அதே வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. மிஞ்சியதாக நினைத்ததைச் செலவழித்தவர்கள் கடைசி மாதங்களில் திணறினார்கள்.

உண்மையான பின்னடைவு என்றால், மிஞ்சிய ஐந்து மாதத்துக்கு மாதவாரியாக, செலவுத் தலைப்புவாரியாகப் புதிய செலவு மதிப்பீடு எழுதுங்கள். தலைப்புகளுக்கிடையே மாற்ற வேண்டுமானால், வழமையான ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தலைப்பின் தொகையிலும் 25 வீதம் வரை திருத்தமில்லாமல் மாற்றி, அறிவித்தால் போதும். அதற்கு மேல் என்றால் ஒப்பந்தத் திருத்தம். மேலதிகக் காசு கேட்காத கால நீட்டிப்பு தேவையென்றால், அது நடைமுறைக்கு வர வேண்டிய திகதிக்கு 30 நாள் முன் கேட்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தின் விசேட நிபந்தனைகளைப் படித்து உறுதிசெய்யுங்கள். பதினோராம் மாதம் வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், இந்த வாரமே ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்ட அலுவலரோடு பேசுங்கள். கடைசி இரண்டு மாதத்தில் ஆறு செயலமர்வை அடுக்கி, அதே 25 செய்தியாளரைத் திரும்பத் திரும்ப மண்டபத்துக்கு அழைப்பது அவர்களுடைய நாளையும் கெடுக்கும், உங்கள் விளைவு நிரலையும் நிரப்பாது.

கேள்வி: ஐ.நா. அமைப்பில் ஊடகச் செயற்றிட்ட வேலை, நேர்முகம் வட்ஸ்அப்பில், பதிவுக் கட்டணம் 15,000 என்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கட்டாதீர்கள். ஐ.நா. அமைப்புகள் ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. அடையாள அட்டைப் பிரதியோ வங்கி விபரமோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள்.

கேள்வி: தமிழ்த் தட்டச்சு பரீட்சை வைப்பார்களா? எனக்குப் பாமினிதான் பழக்கம்.
– வாசகி, தெல்லிப்பழை

பதில்: வைப்பார்கள். பாமினி விசைப்பலகைப் பழக்கம் நல்லதுதான், கைவேகம் அதில்தான் வரும். ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். நன்கொடையாளரின் கணினியில் அது இராது. மின்னஞ்சலும் தேடுபொறியும் கேட்பது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட். பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட்டில் அடிக்க உதவும் மென்பொருள்கள் உண்டு, ஒன்றை நிறுவி இரண்டு வாரம் பழகுங்கள். பழைய கோப்பை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தால் இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழாகிக் குழம்பியிருக்கும். மாற்றியபின் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மூன்று மொழியிலும் ஒரு அழைப்புக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு இந்த அலுவலகங்களில் எப்போதும் தட்டுப்பாடு. சிங்களம் பேச மட்டும் தெரிந்தால் அதையும் தன்விவரக் கோவையில் 'பேச்சு' என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.